மறுபடியும் முதல் ஊரிலிருந்து

ராஜா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "ஒரே கேமை எத்தனவாட்டிமா ஆடுவ, போர் அடிக்கலியா உனக்கு?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பைக் சாவியைத் தேட ஆரம்பித்தாய். நான்தான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டினால் எலெக்ட்ரானிக் சிட்டி போய்ச் சேர இருட்டிவிடும் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாய். ஒரே ஊரில் பிள்ளை பி.ஜி. ஹாஸ்டலில் கிடக்க, பெற்றவர்கள் விவேக் நகரில் கிடக்கிற கூத்து இந்த பெங்களூரில்தான் நடக்கும். சரி, அதை விடு. உன்னுடைய இன்னொரு கேள்விக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் கல்யாணம் முடிந்ததும் நானும் அப்பாவும் உங்களோடு எட்டாவது மாடி ஃபிளாட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றாய். இந்த ஞாயிறு கட்டாயம் சொல்லச் சொன்னாய். சொல்கிறேன், ஆனால் என் வழியில் மெதுவாகத்தான் சொல்வேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

முதலில் இங்கே எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நீ பார்க்காததல்ல. ஆனால் நீ பார்ப்பது ஞாயிற்றுக்கிழமையை. அன்றைக்கு அப்பாவுக்கு முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்திருப்பேன். மற்ற நாளில் வேறு கதை. ஸ்ட்ரோக் வந்ததில் வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. தன்னால் நடக்க முடியாது என்பது அவருக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. கொஞ்சம் கண்ணெடுத்தால் போதும், எழுந்திருக்கப் பார்த்து விழுந்துவிடுவார். பேச்சில் அவருக்கு மிஞ்சியது "டைம் ஆச்சு" என்ற ஒன்றுதான். பசித்தாலும் டைம் ஆச்சு, மூத்திரம் வந்தாலும் டைம் ஆச்சு, உன்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாலும் டைம் ஆச்சு. விடிந்ததிலிருந்து காதுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் டைம் ஆச்சு, டைம் ஆச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பார். எங்கே போக டைம் ஆச்சு? எங்கேயும் இல்லை. கீழ் வீட்டு லீமா மேலே வந்து உட்கார்ந்தால் முனைக்கடைக்கு ஓடிப் பாலும் காய்கறியும் வாங்கி வருவேன். என் ஊர்வலம் அவ்வளவுதான். வியாழக்கிழமை சர்ச்சில் நவநாள் ஜெபத்துக்கு எங்கெங்கிருந்தோ சனங்கள் பஸ் ஏறி வருகிறார்கள். ஜன்னலில் நின்றால் கோயில் பாட்டு எனக்குக் கேட்கிறது, போகத்தான் வழியில்லை. மூச்சு முட்டுகிறது, ராஜா. இதை நேரில் உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால் நீ உடனே கடைக்குப் போய் எதையாவது வாங்கிக்கொண்டு வந்துவிடுவாய்.

இப்போது அந்த கேமுக்கு வருகிறேன். அது வந்த கதை உனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில், நீ மூன்றாவதோ நான்காவதோ படிக்கும்போது, துபாயிலிருந்து லீவில் வந்த உன் மாமா கொண்டுவந்து கொடுத்தான். கைக்குள் அடங்குகிற ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பாசி நிறத்தில் ஒரு சின்னத் திரை. உள்ளே விளக்கு கிடையாது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படம் தெரியும். ஒரு பையன் தன் ஊரைவிட்டுக் கிளம்பி, வழியில் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, சின்னச் சின்னச் சண்டைகளில் பலம் ஏற்றிக்கொண்டு, கடைசியில் ஓர் அரக்கனைக் கொல்ல வேண்டும். ஆனால் எழுத்து முழுக்க ஜப்பான் எழுத்து. "இன்னாடா இது, ஒரு எழுத்தும் புரியலியே?" என்று நான் உன் மாமாவைக் கேட்டதற்கு, "அங்க இதான்கா கெடச்சுது, பையன் பாத்துப்பான்" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு பிளேன் ஏறிவிட்டான்.

பையன் எங்கே பார்த்துக்கொண்டான், அம்மாவும் சேர்ந்துதான் பார்த்துக்கொண்டாள். நாம் இருவரும் ஜன்னலோரம் ஒட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக அமுக்கிப் பார்த்து, முதல் வரி அடி, இரண்டாவது மந்திரம், மூன்றாவது மருந்து என்று கண்டுபிடித்தோம். வெங்காயத்துக்குக் கால் முளைத்தது போல் ஒரு குட்டிப் பிசாசு வரும். அதற்கு வெங்காயம் என்றே பெயர் வைத்தோம். கூட வரும் குண்டு வீரன் அரிசி மூட்டை. அந்தப் பையன் நமக்குத் தம்பி. ஒவ்வொரு ஊரிலும் நீள அங்கி போட்ட ஒருவர் மேஜைக்குப் பின்னால் நிற்பார், கிட்டே போனால் ஏதோ கேட்பார். நம் வீட்டில் அவரை வேறு யார் என்று நினைப்பார்கள்? ஃபாதர் என்றே முடிவு செய்தோம். பாவசங்கீர்த்தனம் கேட்கிறார் என்றும் முடிவு செய்தோம். "மொதல்ல ஃபாதர்கிட்ட போயிட்டு வா, அழுக்கு மனசோட சண்டைக்குப் போகாத" என்று நான் உன்னை அதட்டுவேன். நீயும் போய் நின்று மேல் வரியை அமுக்கிவிட்டு, "அம்மா, தம்பி பொய் சொன்னதுக்கு மன்னிப்பு கேட்டுட்டான்" என்பாய். ஒருநாள் ஃபாதரைப் பார்க்காமலே பெட்டியை அணைத்துவிட்டோம். மறுபடி திறந்தால் நடந்த தூரமெல்லாம் போய், ஆட்டம் பழைய இடத்திலேயே நிற்கிறது. "பாத்தியா, பாவசங்கீர்த்தனம் பண்ணாததுக்குத் தண்டனை" என்றேன். நீ நம்பினாய். நானும் நம்பினேனே, அதுதான் வேடிக்கை.

அந்த நாளில் உன் அப்பா எப்படி இருந்தார் என்று நினைத்துப் பார். மனிதர் அவசரத்துக்கென்றே பிறந்தவர். தட்டில் சோறு விழும் சத்தம் அடங்குமுன் கை கழுவிவிடுவார். ஒரு மாலை கேமுக்கு ஒரு செல் குறைந்துபோக, நாம் சுவர்க் கடிகாரத்தின் செல்லைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, திருப்பி வைக்க மறந்துவிட்டோம். மறுநாள் காலை அவர் அந்தக் கடிகாரத்தில் நின்றுபோயிருந்த ஆறு மணியை நம்பி ஆற அமர உட்கார்ந்து இட்லி தின்றார். நான் பார்க்க அவர் நிதானமாகச் சாப்பிட்ட ஒரே காலை அது. ஃபேக்டரி பஸ் போய்விட்டது. "கடியாரம் நின்னு கெடக்குது! எந்தக் கழுத செல்ல எடுத்துச்சு?" என்று வீடு அதிரக் கத்தினார். நீ என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாய். "தம்பிக்குன்னு எடுத்தோங்க" என்றேன். "எந்தத் தம்பி?" "கேம்ல இருக்கிற தம்பி." அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்புறம் சிரித்துவிட்டார். வேலைக்குப் போகாமல் நம்மோடு ஜன்னலோரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "இவன் இன்னாத்துக்கு இம்மாந்தூரம் நடக்கறான்? பஸ் இல்லியா அந்த ஊர்ல?" என்று கேட்டார். நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நீ பெரியவனானாய், பெட்டி லாஃப்டுக்குப் போய்விட்டது. அப்பா விழுந்த பிறகு அவருக்கு வாங்கிய தண்ணீர் மெத்தையின் அட்டைப்பெட்டியை வைக்க இடம் தேடியபோதுதான் அது மறுபடி கையில் கிடைத்தது. அடாப்டர் சொருகினேன். அதே பாசித் திரை, அதே டொய்ங் டொய்ங் பாட்டு, அதே முதல் ஊர், கிணற்றடியில் நின்றுகொண்டிருக்கிற அதே பெண். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்கள் அத்தனை பேரும் நான் விட்ட இடத்திலேயே நின்றிருந்தார்கள்.

நீ கேட்டாயே, போர் அடிக்கவில்லையா என்று. அந்தச் சண்டைகள் எப்படி நடக்கும் என்று உனக்கு மறந்திருக்காது. அவன் ஒரு அடி, நீ ஒரு அடி. நீ அமுக்கும்வரை அவன் அடிக்க மாட்டான். எவ்வளவு பெரிய பூதமாக இருக்கட்டும், ஓங்கிய கை ஓங்கியபடி நிற்கும். நான் எழுந்து போய் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டி, வாய் துடைத்து, துணி மாற்றி, அந்தத் துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு வருவேன்; பூதம் அப்படியே நிற்கும். ஒரு வார்த்தை முணுமுணுக்காது. சொல், இந்த ஊரில் வேறு யார் எனக்காக அப்படி நிற்கிறார்கள்? கேஸ்காரன் நிற்பானா? டாக்டர் நிற்பாரா? கதவைத் தட்டிவிட்டு நான் வந்து திறப்பதற்குள் கூரியர்காரன் தெருவைத் தாண்டிவிடுகிறான். உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்த வீட்டில் என் நேரத்துக்கு மரியாதை கொடுக்கிற ஒரே ஜீவன் அந்தப் பூதம்தான்.

அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொண்டு எப்படி ஆடுகிறாய் என்பாய். தெரிந்திருப்பதால்தான் ஆடுகிறேன். பாலம் தாண்டினால் வௌவால் வரும், குகையில் இடது பக்கம் பெட்டி இருக்கும், பெட்டிக்குள் மூலிகை இருக்கும். என்றைக்கும் இருக்கும். இங்கே போன் அடித்தால் யார், என்ன சேதி என்று பதறி எடுக்கிறேன். பக்கத்து அறையில் ஒரு சத்தம் கேட்டால் விழுந்துவிட்டாரோ என்று ஓடுகிறேன். இனிமேல் எனக்கு ஆச்சரியமே வேண்டாம், போதுமடா சாமி.

இன்னொன்றும் சொல்கிறேன், இதுதான் முக்கியம். ஊருக்கு வெளியே புல்வெளியில் சும்மா சுற்றிச் சுற்றி வந்து வெங்காயங்களை அடித்துக்கொண்டே இருப்பேன் அல்லவா, அதைப் பார்த்துத்தான் நீ தலையில் அடித்துக்கொண்டாய். அடித்த வெங்காயத்தையே அடிப்பேன், நடந்த புல்லிலேயே நடப்பேன். ஆனால் ஒவ்வொரு வெங்காயத்துக்கும் ஒரு புள்ளி ஏறும். கொஞ்ச நேரத்தில் ஒரு பாட்டு வரும், தம்பியின் பலம் கூடியிருக்கும். நேற்று இரண்டு அடியில் செத்த வெங்காயம் இன்றைக்கு ஒரே அடியில் சாகும். வீட்டிலும் நான் அதே புல்லில்தான் நடக்கிறேன், ராஜா. அதே கஞ்சி, அதே துணி, அதே எண்ணெய், அதே கையைத் தூக்கி இறக்குகிற எக்ஸர்சைஸ். பிசியோ பையன் வந்து, "ஸ்வல்ப பெட்டர் ஆன்ட்டி, கன்டின்யூ மாடி" என்று, கொஞ்சம் தேவலை, விடாமல் செய்யுங்கள் என்று கன்னடத்தில் தைரியம் சொல்லிவிட்டுப் போகிறான். எங்கே பெட்டர்? அந்தக் கை அதே உயரத்தில்தான் நிற்கிறது. இங்கே எதுவும் ஏறுவதில்லை. செய்த வேலை எங்காவது ஓரிடத்தில் சேர்கிறது என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. அந்த ஆசையில் என்ன தப்பு?

அதிலும் ஒரு மண் விழுந்தது, உனக்கே தெரியும். பெட்டியில் சொருகுகிற கேம் கேசட்டுக்குள், நடந்ததையெல்லாம் ஞாபகம் வைக்கிற குட்டி பேட்டரி செத்துவிட்டது. ஃபாதரிடம் போய் நின்றாலும் இப்போது பிரயோஜனமில்லை. பெட்டியை அணைத்தால் எல்லாம் போச்சு, மறுபடியும் முதல் ஊர். அதனால் அணைக்காமல் அடாப்டரிலேயே விட்டு வைக்கிறேன். கரண்ட் போனால் என் கதை முடிந்தது. துறைமுகத்து ஊர்வரை போய்விட்டேன் என்று சந்தோஷமாக அடுப்பைப் பார்க்கப் போவேன், ஃபேன் நிற்கும், என் நான்கு பேரும் காணாமல் போயிருப்பார்கள். ஒருநாள் அப்படி ஆனபோது நான் போட்ட சத்தத்தில் லீமா கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். யாருக்கு என்ன ஆச்சோ என்று நினைத்திருக்கிறாள்.

இதைக் கேள்விப்பட்டுத்தானே நீ லேப்டாப்போடு வந்தாய். "இங்க பாரும்மா, முழு கேமும் டவுன்லோடு பண்ணிட்டேன். இங்கிலீஷ்லயே இருக்கு. எங்க வேணா சேவ் பண்ணிக்கலாம். இத அமுக்குனா ஸ்பீடா ஓடும்." அமுக்கிக் காட்டினாய். என் ஆட்கள் கட்டெறும்பு மாதிரி ஓடினார்கள். சண்டை ஆரம்பித்ததும் தெரியவில்லை, முடிந்ததும் தெரியவில்லை. "நாலு நாள் ஆடுறத ஒரே மணில முடிச்சிரலாம்." "முடிச்சிட்டு?" என்றேன். "முடிச்சிட்டு… வேற கேம் ஆடு." நாற்காலியிலிருந்து அப்பா டைம் ஆச்சு என்று சிரித்தார், அவருக்கு மட்டும் அது ரொம்பப் பிடித்திருந்தது. பிறகு நீ இங்கிலீஷில் படித்துக் காட்டினாய். ஃபாதர் இத்தனை வருஷமாகக் கேட்டது, "இதுவரை வந்த பயணத்தைப் பதிந்து வைக்கட்டுமா?" என்பதுதானாம். நீ சோபாவில் விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் கிணற்றடியில் நிற்கிறாளே அந்தப் பெண், அவள் பிள்ளை எங்கோ போய்விட்டான், அதைத்தான் போகிறவர் வருகிறவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று நானாக நினைத்திருந்தேன். "இன்று தண்ணீர் சில்லென்று இருக்கிறது" என்றுதான் அவள் சொல்கிறாளாம். நான் லேப்டாப்பை மூடினேன். உனக்கு முகம் வாடிவிட்டது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை; அந்த வேகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நீ நல்ல பிள்ளை. இதை உன் முகத்துக்கு நேரே சொன்னால் வெட்கப்படுவாய். வீல்சேர் நீ வாங்கியது, மிக்ஸி நீ வாங்கியது, மொபைல் நீ வாங்கியது. ஆனால் எதைப் பார்த்தாலும் அதைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினால்தான் உனக்கு ஆகிறது. அதில் நீ அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன். சரிசெய்ய முடியாதது என்று ஒன்று வீட்டுக்குள் இருக்கும், ராஜா. அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவும் தெரிய வேண்டும். அடுத்த மாதம் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு உன் வீட்டுக்கு வரப்போகிறாள். அவள் ஒன்று சொல்ல வாயெடுத்தால் சாவியைத் தேடாதே. ஏற்கெனவே சொன்ன கதையாக இருந்தாலும் கேள். அவள் அழுதால் உடனே வழி சொல்லாதே, பக்கத்தில் இரு. சண்டை போட்டாலும் அவள் முறை வரும்வரை விடு, நடுவில் புகாதே. அந்தப் பூதத்துக்குத் தெரிந்த மரியாதை ஒரு இன்ஜினீயருக்குத் தெரிய வேண்டாமா?

இப்போது ஃபிளாட் விஷயம். நான் வரவில்லை. எட்டாவது மாடியில் லிஃப்ட் இருக்கிறது, செக்யூரிட்டி இருக்கிறது, எல்லாம் இருக்கிறது என்றாய். நீங்கள் இருவரும் காலையில் ஆபீஸ் வண்டியில் ஏறினால் ராத்திரிதான் வருவீர்கள். நடுவில் நானும் அப்பாவும் அந்தக் கண்ணாடிக்குள். இங்கே லீமா இருக்கிறாள், கீரைக்காரியோடு சண்டை போட ஜன்னல் இருக்கிறது. அங்கே கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். இருக்கிற அடைப்பு போதாதென்று இன்னொரு அடைப்புக்கு என்னைக் கொண்டுபோகாதே. எனக்குப் பெரிய வீடு வேண்டாம், புது மெஷின் வேண்டாம். எனக்கு ஒரு நாள் வேண்டும். வாரத்தில் ஒரு முழு நாள், காலையிலிருந்து ராத்திரிவரை, என்னை யாரும் கூப்பிடாத ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமையை எனக்குக் கொடு. விருந்தாளியாக வராதே, வேலைக்கு வா. நர்ஸை அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. கட்டிக்கொள்ளப்போகிறவளை அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. அவள் பாவம், அவளுக்கும் அது ஒரே லீவு நாள். நீ வா. அவர் உனக்கு அப்பா.

இன்றைக்கே ஆரம்பிக்கிறோம். நீ படியேறி வந்து தண்ணீர் குடித்ததும், "கொத்தமல்லி வாங்கிட்டு வரேன்" என்று சொல்லி இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பேன். நான் கொத்தமல்லி வாங்கப் போகவில்லை. எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது, வருகிற பஸ்ஸில் ஏறுவேன். போனை அலமாரியில் வைத்திருக்கிறேன், நீ அடித்துப் பார்த்தால் வீட்டுக்குள்தான் மணி அடிக்கும். மாத்திரை ஃபிரிட்ஜ் மேலே டப்பாவில். கஞ்சியை ஆற வைத்துக் கொடு, இடது பக்கம் சாய்த்து உட்கார வைத்துக் கொடு, இல்லாவிட்டால் புரையேறும். துணி மாற்றும்போது அவர் உன் முகத்தைப் பார்க்க மாட்டார், சுவரைத்தான் பார்ப்பார். வெட்கம். மகனிடம் ரொம்பவே வெட்கப்படுவார். நீயும் எதையாவது பேசிக்கொண்டே செய், சும்மா இருக்காதே. முதல் தடவை உனக்குக் குமட்டும். பரவாயில்லை, எனக்கும் குமட்டியது. என் ஆட்கள் துறைமுகத்து ஊரில் நிற்கிறார்கள், அந்த பிளக்கை மட்டும் தொட்டுவிடாதே.

பயப்படாதே, ஓடிப்போக மாட்டேன். அந்த நினைப்பு வராத மனுஷி இல்லை நான். முனைக்கடையில் பால் வாங்கிக்கொண்டு நிற்கும்போது ஒரு பஸ் வந்து நின்றால், ஏறிவிட்டால் என்ன என்று தோன்றும். தோன்றியதை உன்னிடம் தவிர யாரிடம் சொல்ல? பையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன். இன்றைக்கும் திரும்பி வருவேன். ராத்திரி சாப்பாட்டுக்கு வருவேன், பசியோடு வருவேன். எனக்கும் சேர்த்துச் சமைத்து வை.

அம்மா